பழைய மோட்டார் சைக்கிளின் பின்தாங்கி: மாற்றுவதா, புதுக்குவதா?

ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில், குப்பத்தை அடுத்துள்ளது குடுபல்லி. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப் பாதையில் உள்ள சிறிய நிலையம் அது. ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகளும் நெருங்கி வரும் பகுதியாதலின், அவ்வட்டாரத்துக் கடைவீதியில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். அங்கே மோட்டார் சைக்கிள் உல்லாசப் பொருள் அன்று. காலையில் பால்கேன்களைச் சுமப்பதும் அதுவே. பகலில் பட்டுப்புழுவுக்கு மல்பெரித் தழைக்கட்டைக் கொணர்வதும் அதுவே. தக்காளிப் பெட்டியையும் பட்டுக்கூட்டு மூட்டையையும் சந்தைக்கு ஏற்றிச் செல்வதும் அதுவே. மாலையில் மனைவி மக்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அதுவே. இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த வண்டிகள் அப்பக்கத்தில் இன்றும் ஓடுகின்றன. குடுபல்லியைப் பற்றி நாம் சொல்வது தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றுக்கும் பொருந்தும்.

இத்தகைய பழைய வண்டியின் பின்புறத்தில், சக்கரத்துக்கு இருமருங்கும் நிற்கும் அதிர்வு தாங்கிகள் தளர்ந்துவிட்டால், உரியவர் முன் ஒரு கேள்வி எழுகிறது. கழற்றி எறிந்துவிட்டுப் புதியன வாங்குவதா? அன்றிப் பழையனவற்றையே பிரித்துப் புதுக்கிக்கொள்வதா? கடைக்காரர் ஒன்று சொல்வார். பட்டறைக்காரர் வேறொன்று சொல்வார். வண்டியையே விற்றுவிடலாம் என்று வீட்டிலுள்ள இளைஞர் மூன்றாவது ஒன்றைச் சொல்வார். இம்மூவருக்கும் நடுவே நாமே ஆராய்ந்து முடிவு செய்வது எப்படி என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குப் பெயரிலிருந்து தொடங்குவதே வழக்கம். இக்கருவியை ஆங்கிலப் பெயரின் நேர்பொருள் கொண்டு 'அதிர்ச்சி உறிஞ்சி' என்று எழுதுவோர் உளர். பட்டறைகளிலோ 'ஷாக் அப்சர்' என்று குறுக்கி வழங்குவர். இரண்டுமே ஒரு மயக்கத்தை உண்டாக்குகின்றன. இது ஒரே கருவி போல் தோன்றினாலும், உள்ளே இரு வேறு தொழில்கள் நடைபெறுகின்றன. வெளியே தெரியும் சுருள்வில் பள்ளத்தின் அடியைத் தாங்குகிறது. அதன் நடுவேயுள்ள எண்ணெய்க் குழாய் அந்த வில்லின் துள்ளலை அடக்குகிறது. முன்னதை வில் என்றும், பின்னதைத் தணிப்பான் என்றும், இரண்டும் சேர்ந்த முழுக் கருவியைத் தாங்கி என்றும் இப்பேச்சில் குறிப்போம். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், மாற்றுவதா புதுக்குவதா என்னும் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது எனலாம்.

வில் மட்டும் இருந்து தணிப்பான் இல்லையென்றால் என்ன நேரும்? சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது வில் அமுங்கி ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. மேட்டைக் கடந்ததும் அந்த ஆற்றலை அப்படியே திருப்பித் தருகிறது. வண்டி மேலெழும், மீண்டும் இறங்கும், மறுபடியும் எழும். ஊஞ்சலைத் தள்ளிவிட்டாற்போல் ஆட்டம் நீண்டுகொண்டே போகும். தணிப்பானுக்குள் ஒரு ராடும் அதன் நுனியில் ஒரு பிஸ்டனும் உண்டு. பிஸ்டனில் சிறு துளைகளும் அவற்றைத் திறந்து மூடும் மெல்லிய வால்வுகளும் உள்ளன. வில் அசையும்போதெல்லாம் குழாயிலுள்ள எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருக்கிப் பிழியப்படுகிறது. அவ்வாறு நெருங்கிச் செல்வதில் அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கரைந்துபோகிறது. மேடுபள்ளமான பாதையில் நெடுந்தொலைவு சென்றபின் தாங்கியின் உடலைத் தொட்டால் சூடாக இருப்பது இதனாலேயே.

இது வெறும் சொகுசைப் பற்றிய விஷயம் அன்று. துள்ளும் சக்கரம் தரையை விட்டுச் சற்றே எழுகிறது. தரையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக் பயன்படாது; வளைவில் பிடிப்பும் இராது. பின்னால் ஒருவர் அமர்ந்து, மடியில் குழந்தையும் இருக்கும்போது, மழை பெய்த செம்மண் பாதையில் இந்த ஒரு நொடிப் பிடிப்பே உயிரைக் காப்பதாகலாம். எனவே, எண்ணெய் வற்றிய தாங்கியோடு 'இன்னும் சில நாள் ஓட்டுவோம்' என்று காலங்கடத்துவது மூன்றாவது வழியாகாது. மாற்றுவது, புதுக்குவது என்னும் இரண்டே வழிகள் உண்டு என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

இக்கருவியின் வரலாற்றையும் சுருக்கமாக நோக்குவது நன்று. மோட்டார் சைக்கிளின் தொடக்க காலத்தில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. இருக்கைக்கு அடியில் இருந்த வில்லே ஓட்டுபவரின் முதுகுக்குத் துணை. பின்சக்கரத்தை அசையும் கையில் பூட்டி, எண்ணெய்த் தணிப்பான்களால் தாங்கும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவலாயிற்று. 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனம் தன் 350 சி.சி. புல்லட் வண்டியின் மாதிரிகளில் இவ்வமைப்பைச் சேர்த்துப் போட்டிகளில் ஓட்டியது. அவ்வாண்டு இத்தாலி நாட்டின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் பன்னாட்டுப் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் குழுவில் புல்லட் வண்டிகளும் இருந்தன. அதே புல்லட் 1955-இல் சென்னைக்கு வந்தது. திருவொற்றியூரில் என்பீல்டு இந்தியா நிறுவனம் அதனைப் பூட்டத் தொடங்கி, பின்னர் முழுமையாகவே இங்குச் செய்யலாயிற்று. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் ஜாவா வண்டிகளையும், 1973 முதல் எஸ்டி என்னும் பெயரில் வண்டிகளையும் உருவாக்கி, 1996-இல் மூடப்பட்டது. 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியின் உற்பத்தியும் 1996-இல் நின்றது. தாங்கிகளைச் செய்யும் கேப்ரியல் இந்தியா நிறுவனம் 1961-இல் தொடங்கப்பட்டது. குடுபல்லிக்கு மிகத் தொலைவில் இல்லாத ஓசூரிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு.

இவ்வரலாற்றில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உளது. பழைய காலத்துத் தாங்கிகளுள் பல, பழுது பார்ப்பவரை எண்ணிச் செய்யப்பட்டவை. தணிப்பானின் தலைப்பகுதியில் மரை வெட்டிய மூடி இருக்கும். அதைத் திருகிக் கழற்றினால் உள்ளே உள்ள யாவும் வெளியே வரும். பிற்காலத்தில் மலிவாகவும் விரைவாகவும் செய்யும்பொருட்டு, குழாயின் விளிம்பை மடித்து அழுத்தியோ பற்றவைத்தோ மூடிவிட்டனர். இத்தகையவை ஒருமுறை மூடப்பட்டால் மீண்டும் திறப்பதற்கு உரியன அல்ல. சிலவற்றில் நைட்ரஜன் வாயுவும் உயர்ந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரே தோற்றமுடைய இரு தாங்கிகளுள் ஒன்று புதுக்கத்தக்கது, மற்றொன்று புதுக்கத்தகாதது என்று ஆகிறது.

இனி ஆராயும் முறைக்கு வருவோம். தாங்கியைக் கழற்றுவதற்கு முன்னர், குற்றம் தாங்கியில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளல் வேண்டும். வண்டியின் பின்புறம் ஆடுவதற்கும் தட்டுவதற்கும் வேறு காரணங்கள் பலவுண்டு. டயரில் காற்று குறைந்திருக்கலாம், சக்கரத்து பேரிங் தேய்ந்திருக்கலாம், ஆரக்கம்பிகள் தளர்ந்திருக்கலாம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கலாம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் தென்பட்டால் தாங்கியின்மேல் பழி சுமத்துவது தகாது. தாங்கியின் இரு கண்களிலும் ரப்பர் புஷ்கள் உண்டு. அவை நைந்துபோனாலும் கடகடவென்று ஓசை எழும். அவற்றை மாற்றச் சிறு செலவே ஆகும்.

அடுத்து, தணிப்பானைச் சோதித்தல். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஒருவர் முன்புறத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் இருக்கையின் பின்பகுதியை அழுத்தி விட்டுவிட வேண்டும். வண்டி ஒருமுறை எழுந்து அமைதியாக நின்றால் தணிப்பான் வேலை செய்கிறது. இரண்டு மூன்று முறை எழுந்து தாழ்ந்தால் எண்ணெய் குறைந்துவிட்டது, அல்லது வால்வு தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ராடைச் சுற்றி எண்ணெய்ப் பசையில் புழுதி அப்பியிருந்தால் ஆயில் சீல் கசிகிறது என்பது உறுதி.

வில்லின் நிலையை அறிய ஓர் அளவுகோல் போதும். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தொங்கும்போது, அச்சிலிருந்து அதற்கு நேர்மேலே மட்கார்டில் இட்ட ஒரு குறிவரை அளந்துகொள்ளுங்கள். பின்னர் வண்டியைத் தரையில் இறக்கி, வழக்கமாக ஓட்டுபவர் அமர்ந்தபின் மீண்டும் அளந்து பாருங்கள். முதலளவு 400 மில்லிமீட்டர், இரண்டாமளவு 375 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆள் ஏறியதும் 25 மில்லிமீட்டர் தாழ்ந்தது. சக்கரத்தின் மொத்த ஏற்ற இறக்கம் 75 மில்லிமீட்டர் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு தாழ்வது இயல்பே. பாதிக்கு மேல் தாழ்ந்துவிட்டால் வில் சோர்ந்துவிட்டது. முதலில் வில்லின் அடியிலுள்ள படிவளையத்தைக் கொக்கிச் சாவியால் ஒரு படி ஏற்றிப் பார்க்கலாம். அதுவும் பயன்படவில்லையெனில் வில்லை மாற்றவேண்டியதே.

இத்துணையும் பார்த்தபின், தாங்கியே பழுது என்று தெளிந்தால், முடிவு செய்யவேண்டிய கட்டம் வருகிறது. நாம் கூற விரும்பும் அடிப்படை இது: தாங்கியின் உறுப்புகளை இரண்டாகப் பகுத்துக்கொள்ள வேண்டும். ஆயில் சீல், எண்ணெய், ரப்பர் புஷ் ஆகியவை தேய்ந்து மாறுவதற்கென்றே அமைந்தவை. ராடு, குழாய், பிஸ்டன், வில் ஆகியவை நிலைத்து நிற்பதற்கென்று அமைந்தவை. முதல் வகை மட்டும் கெட்டிருந்தால் அது முதுமையன்று. உடை மாற்றவேண்டிய நிலையே. இரண்டாம் வகை கெட்டிருந்தால் புதுக்குவதைப் பற்றி நன்கு எண்ணிப் பார்த்தே இறங்க வேண்டும்.

இவற்றுள்ளும் ராடே தலையாயது. அதன் மேற்பரப்பில் கடினமான குரோமியப் பூச்சு உண்டு. பூச்சு கண்ணாடி போல் வழவழப்பாக இருக்கும்வரை சீல் அதன்மேல் எண்ணெயைக் கசியவிடாமல் வழுக்கிச் செல்லும். மழைநீரும் சேறும் பட்டுத் துருப்புள்ளிகள் விழுந்துவிட்டால், ஒவ்வொரு புள்ளியும் சிறு அரம்போல் சீலின் உதட்டைச் சுரண்டும். எத்தனை முறை புதிய சீல் போட்டாலும் சில வாரங்களில் கசிவு தொடங்கிவிடும். 'போன மாதந்தான் சீல் மாற்றினோம்; மறுபடியும் ஒழுகுகிறது' என்று சலித்துக்கொள்வோர் பெரும்பாலும் ராடைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றியவர்களே. துணியால் துடைத்துவிட்டு விரல் நகத்தை ராடின்மேல் மெல்ல ஓட்டுங்கள். நகம் எங்கும் தடுக்காவிட்டால் புதுக்கலாம். தடுக்கினால், ராடுக்கு மீண்டும் கடினக் குரோமியம் பூசி அளவாகச் சாணை பிடிக்கும் பட்டறை கைக்கெட்டும் தொலைவில் இருந்தாலன்றிப் புதுக்க முற்படுவது வீண். ராடு வளைந்திருந்தால், அதை நிமிர்த்திப் போடுவதைவிடக் கைவிடுவதே மேல்.

இதற்கு நாம் நேரில் அறிந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுகிறோம். குடுபல்லியில் நம் மைத்துனர் ஒருவர் பட்டுப்புழு வளர்ப்பவர். அவரிடம் இருப்பது எஸ்டி வண்டி. அதைச் செய்த நிறுவனமே மூடப்பட்டுவிட்டதால், 'பழைய தாங்கிக்கு ஒன்றும் செய்ய முடியாது. வேறு வண்டியின் தாங்கியைத்தான் பொருத்த வேண்டும்' என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டனர். கோலார் தங்கவயலில் முதியவர் ஒருவர் சிறு பட்டறை வைத்திருக்கிறார். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தங்கச் சுரங்கம் மூடப்படும்வரை அதன் பணிமனையில் பிட்டராக இருந்தவர் அவர். மைத்துனர் வண்டியை அவரிடம் கொண்டுபோனார். அவர் உடனே சாவியை எடுக்கவில்லை. சக்கரத்தை அசைத்துப் பார்த்து, "முதலில் இந்த ஸ்விங் ஆர்ம் புஷ்ஷை மாற்றுவோம், அண்ணா, தட்டுகிற சத்தம் இங்கேயிருந்துதான் வருகிறது" என்றார். பின்னர்த் தாங்கிகளைக் கழற்றி, ராடுகளைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராடு இரண்டும் சுத்தம். சீலும் எண்ணெயும் மாற்றினால் போதும். ஒரு பக்கந்தான் ஒழுகுகிறது, ஆனால் இரண்டு பக்கமும் மாற்றித்தான் தருவேன்" என்றார். மாலைக்குள் வேலை முடிந்தது. மறுவாரம் பட்டுக்கூட்டு மூட்டைகள் நசுங்காமல் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தன. கூடு நசுங்கினால் விலை விழும். ஒரு பருவத்து உழைப்பின் பயன் அந்த ஒரு வழிப்பயணத்தில் அடங்கியிருந்தது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அதே ஊரில் மற்றொரு அன்பரிடம் 100 சி.சி. வண்டி. அதன் தாங்கிகள் மடித்து மூடப்பட்டவை, திறக்க வழியில்லை. சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் குழாயின் பக்கத்தில் துளையிட்டு, எஞ்சின் எண்ணெயை ஊற்றி, துளையைப் பற்றவைத்து அடைத்துக் கொடுத்தனர். செலவு மிகக் குறைவு. முதல் சில நாள் வண்டி நன்றாகவே ஓடியது. மாதம் ஒன்று ஆவதற்குள் எண்ணெய் நுரைத்து, ஒரு பக்கத் தணிப்பு முற்றும் போயிற்று. ஒரு பக்கம் இறுக்கமும் மறுபக்கம் துள்ளலுமாக இருந்த வண்டி, ஒரு மாலை குப்பம் சாலையின் வளைவொன்றில் பின்புறம் சரிந்தது. பின்னால் அமர்ந்திருந்த அவர் மனைவியின் மணிக்கட்டு முறிந்தது. மருத்துவச் செலவும், இரண்டு மாதம் அவர் பால் கறக்க இயலாமற்போன இழப்பும் சேர்ந்தபோது, புதிய தாங்கிகளின் விலை ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்து, புதுக்குதல் உயர்ந்தது, மாற்றுதல் தாழ்ந்தது என்றோ, இதற்கு மறுதலையாகவோ பொதுவிதி வகுப்பது பொருந்தாது. திறப்பதற்கென்று அமைந்ததைத் திறந்து புதுக்குவது சிக்கனம். மூடுவதற்கென்று அமைந்ததை உடைத்துத் திறப்பது சிக்கனமன்று, அபாயம். வாயு அடைத்த தாங்கியில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்கலாம். அதில் துளையிடுவதும் நெருப்புக் காட்டுவதும் வெடிவிபத்தை விரும்பி அழைப்பதாகும்.

புதுக்குவது என்று முடிவு செய்தோர் கவனிக்க வேண்டியவை சில. முதலாவது, வில்லைக் கழற்றும் முறை. வில் தாங்கியில் இருக்கும்போதே ஓரளவு அமுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ எடை வேண்டும் எனில், 30 மில்லிமீட்டர் அமுங்கிய வில் 60 கிலோ விசையோடு காத்திருக்கிறது என்பது பொருள். அதை அமுக்கிப் பிடிக்கும் கருவியின்றிக் கையாலும் கயிற்றாலும் கழற்ற முனைந்தால், தெறித்து முகத்தையோ கையையோ தாக்கும். கருவியில்லாதவர் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

இரண்டாவது, எண்ணெய். தணிப்பானுக்கு உரிய எண்ணெய் வேறு. எஞ்சின் எண்ணெய் வேறு. தணிப்பானில் எண்ணெய் நொடிக்குப் பலமுறை துளைகளின் வழியே அலைக்கப்படுகிறது. நுரைக்காத தன்மை அதற்கு இன்றியமையாதது. நுரையில் காற்று மிகுதி, காற்று துளையின் வழியே தடையின்றிப் பாயும், தணிப்பு இல்லாமற்போகும். எண்ணெய் கெட்டியானால் தாங்கி இறுகி, முதுகில் அடி விழும். மிக நீர்த்துப்போனால் துள்ளல் அடங்காது. எனவே தயாரிப்பாளர் குறித்த தரத்தையே நாட வேண்டும்.

மூன்றாவது, அளவு. 'நிறைய ஊற்றினால் நெடுநாள் வரும்' என்பது தவறான எண்ணம். ராடு உள்ளே புகும்போது தன் பருமனுக்கு இடம் கேட்கிறது. எண்ணெய் அமுங்கும் பொருளன்று. ஆதலின் உள்ளே சிறிது காற்றிடம் விடப்பட்டிருக்க வேண்டும். விளிம்புவரை எண்ணெய் நிரப்பிவிட்டால், பெரிய பள்ளத்தில் விழும்போது ராடுக்கு இடமின்றிச் சீல் பிதுங்கி வெளியேறும். ஊசிக்குழல் கொண்டு, குறித்த சி.சி. அளவை இரு பக்கத்துக்கும் ஒன்றுபோல் ஊற்றுவதே முறை. மூடுவதற்கு முன் ராடைப் பலமுறை மெல்ல மேலும் கீழும் அசைத்து, பிஸ்டனின் அடியில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதும் அவசியம்.

இனி, மாற்றுவது என்று முடிவு செய்தோருக்குச் சில சொற்கள். கடையில் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று காட்டப்படும் பொருளை அப்படியே வாங்கிவிடக் கூடாது. மேற்கண்ணின் நடுவிலிருந்து கீழ்க்கண்ணின் நடுவரையுள்ள நீளத்தைப் பழைய தாங்கியில் அளந்து, புதியதிலும் அளந்து பாருங்கள். 10 மில்லிமீட்டர் கூடினாலும் பின்புறம் உயரும். செயினின் சாய்வு மாறும். முன்சக்கரத்தின் சாய்வும் மாறித் திருப்பத்தில் வண்டி பதறும். புஷ்ஷின் உள்விட்டமும் பொருந்த வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, வில்லின் வலிமை வண்டியின் எடைக்கும் நாம் ஏற்றும் சுமைக்கும் ஏற்றதாக இருத்தல் வேண்டும். சுமை ஏற்ற வேண்டுமென்று மிகக் கடினமான வில்லைப் போட்டால், அதிர்ச்சி வில்லில் தங்காமல் சட்டத்துக்குப் போகும். தாங்கியைப் பிடித்திருக்கும் காதுகளில் விரிசல் விழும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை அது. போலிப் பொருள்கள் மலிந்த காலமாதலின், ரசீது தரும் கடையில் வாங்குவதே நன்று.

மாற்றினாலும் சரி, புதுக்கினாலும் சரி, இரண்டு தாங்கிகளையும் சேர்த்தே செய்தல் வேண்டும். ஒன்று புதியதும் ஒன்று பழையதுமாக இருந்தால், ஒற்றைக் கண்ணுடைய மாட்டை இளங்காளையோடு ஏரில் பூட்டியதைப்போல் வண்டி ஒரு பக்கமே இழுக்கும். ஸ்விங் ஆர்ம் முறுக்குண்ணும். தங்கவயல் பெரியவர் ஒழுகாத பக்கத்தையும் மாற்றியதன் காரணம் இதுவே.

செலவைக் கணக்கிடும்போது சீலின் விலையையும் எண்ணெயின் விலையையும் மட்டும் கூட்டுவது போதாது. பட்டறைக்குச் செல்லும் வழிச்செலவு, கூலி, வண்டி நிற்கும் நாள்களில் இழக்கும் வருவாய் ஆகிய யாவும் அதில் சேரும். பால் ஊற்றுபவருக்கு வண்டி மூன்று நாள் நின்றால், பால் பாத்திரத்திலேயே புளித்துப்போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழியை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். எல்லாம் கூட்டிப் பார்த்தபின், புதுக்கும் செலவு நல்ல புதிய தாங்கிகளின் விலையில் பாதிக்குள் அடங்குமானால், ராடும் பழுதற்றதாக இருக்குமானால், புதுக்குவதே தக்கது என்பது நம் கருத்து. பாதியைத் தாண்டினால், புதியன நல்ல தரத்தில் கிடைக்குமா என்பதே தீர்ப்பைச் சொல்லும். உற்பத்தி நின்றுபோன வண்டியாக இருந்து, சந்தையில் கிடைப்பவை தரங்குறைந்தனவாக இருந்தால், கூடுதலாகச் செலவிட்டும் பழையதைப் புதுக்குவது வீண்செலவாகாது. புதியன வாங்க நேர்ந்தாலும், திறக்கத்தக்க பழைய தாங்கிகளை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தால், பின்னொருநாள் ஓய்வாகப் புதுக்கிக்கொள்ள உதவும்.

வண்டியையே விற்றுவிடலாம் என்னும் இளைஞரின் சொல்லுக்கும் செவி சாய்க்கத்தான் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சட்டம் துருவேறி நைந்து, எஞ்சினும் ஓய்ந்துவிட்ட வண்டிக்குத் தாங்கியை மட்டும் புதுக்குவது, சுவர் இடிந்த வீட்டுக்குக் கதவு மட்டும் போடுவதை ஒக்கும். மற்றவை யாவும் திடமாக இருக்கும் வண்டியை, எண்ணெய் கசிகிறது என்பதற்காகக் கைவிடுவதும் பொருத்தமன்று.

இறுதியாக ஒன்று. புதுக்குதல் என்பது பொருளை மட்டும் நம்பிய காரியமன்று. அதைச் செய்யும் கையை நம்பியது. ராடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் பொறுமை, அளந்து எண்ணெய் ஊற்றும் ஒழுங்கு, 'இது என்னால் ஆகாது. புதியது வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் நேர்மை ஆகிய மூன்றும் உடையவர் உங்கள் வட்டாரத்தில் இருந்தால், அவரிடம் வேலை கொடுங்கள். வேலையில்லாமல் அத்தகையோர் பட்டறையைப் பூட்டிவிட்டால், பிறகு நமக்கு மாற்றுவதா, புதுக்குவதா என்ற கேள்வியே எழாது. மாற்றுவது ஒன்றே எஞ்சும். அத்தகையவர் அருகில் இல்லையெனில், தயங்காமல் நல்ல புதிய தாங்கிகளை இணையாக வாங்கிப் பொருத்துங்கள். எவ்வழியாயினும், அடுத்த முறை வண்டியைக் கழுவும்போது ராடைச் சுற்றிய புழுதியை ஈரத்துணியால் துடைத்து, விரல் நகத்தை ஒருமுறை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை. அரை நிமிடமே வேண்டும்.